நடைவண்டிப் புகை

எங்கள் புளியங்கரை குத்தால அருவிக்குப் போகிற பாதையில்தான் இருக்கிறது, ஆனாலும் குத்தாலம் போகிற யாரும் இங்கே இறங்குவதில்லை. டயர் பஞ்சரானால் இறங்குவார்கள், பிள்ளை வாந்தி எடுத்தால் இறங்குவார்கள், மற்றபடி கண்ணாடிக்குள் இருந்து ஒரு பார்வை, அத்தோடு சரி. அப்படிப்பட்ட ஊரில், சார்ஜாவில் கோழி சுட்டுக் கை பழகி வந்த எங்க வீட்டுக்காரர் கொம்பையா, ஒரு தகர டிரம்மை நெடுக்காகப் பிளந்து, மேல்பாதியை மூடியாக்கி, அடியில் கரியும் கரிமேல் மரச்சில்லும் அதற்குமேல் கம்பி வலையுமாக ரோட்டோரம் ஒரு பார்பிக்யூ கடை போட்டார். கோழிக்கு மசாலா தடவுவது, திருப்புவது, வருகிறவர்களிடம் சிரித்துப் பேசுவது எல்லாம் அவர். ஆள் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆகையால் மரம் பொறுக்குகிற வேலை எனக்கு வந்தது. மரம் நம்மிடம் எதுவும் கேட்காது.

மீரான் பாயின் மர அறுவை மில்லில் வாள் ஓடி ஓய்ந்த பிறகு, தரையில் கிடக்கிற செதிலுக்கும் துண்டுக்கும் நடுவில், மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பொறுக்குவேன். வேம்பு ஆகாது, கோழி கசந்துபோகும். பெட்டி அடிக்கிற பைன் பலகை ஆகாது, பிசின் எரிந்து தொண்டையைக் கமறும். தேக்கு பார்க்க அழகு, வாய்க்கு ஆகாது, சில வீட்டு மாப்பிள்ளை மாதிரி. ஈரம் இருந்தால் புகை வெளுத்துப் புளிக்கும், ஒரேயடியாகக் காய்ந்தால் புகையாமல் தீயாகவே போய்விடும். உளுத்தது, பூசணம் பிடித்தது, பெயின்ட் பட்டது எதுவும் கூடாது. பட்டையை உரித்துவிட்டு ஒரு சில்லை நாக்கு நுனியில் வைப்பேன். நாக்கு முன்னால் நீண்டால் அது கோழிக்கு, சுருங்கினால் அது வெந்நீர் அடுப்புக்கு. கொய்யாவுக்கு நீளும், மாமரத்துக்கு நீளும், புளிக்குக் கொஞ்சம் யோசித்து நீளும்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், கொய்யாச் சில்லு போட்டிருந்த டிரம்மின் மூடியைத் திறந்ததும், உள்ளே இருந்த புகை மேலே போகாமல் கீழே இறங்கியது; செருப்பைத் தேடுகிறவர் மாதிரி அங்கேயே கொஞ்சம் நின்றது, ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தது, ஒரு லாரி போகட்டும் என்று பொறுத்துக் குறுக்கே கடந்தது, தபாலாபீஸ் பக்கம் திரும்பியது, செல்போன் கடைக்குள் நுழைந்து நடுவில் நின்று கொய்யா மரம் ஆகிவிட்டது. தண்டும் கிளையும் இலையும், இலைக்கு அடியில் பிஞ்சும், எல்லாம் புகை. கடை கட்டுவதற்கு முன்னால் அந்த இடத்தில் ஒரு கொய்யா நின்றதும், அதை வெட்டி மில்லுக்குப் போட்டதும் அப்போதுதான் ஊருக்கு ஞாபகம் வந்தது.

கடைக்காரர் வாசலுக்கு வந்து கையைத் தட்டிக் கூப்பிட்டார். "ஏவே கொம்பையா, ஒம்ம புகை எங்க கடையில நிக்கி."

"நான் என்னவே செய்ய? கூப்பிட்டுப் பாரும், வந்தா அனுப்பி வையும்."

கூப்பிட்டால் வரவில்லை. மறுநாளும் நின்றது, அதற்கு மறுநாளும் நின்றது. நாலா பக்கமும் சுத்தி வந்து பார்த்த கடைக்காரர், 'குளிர்ந்த நிழலில் ரீசார்ஜ் செய்து தரப்படும்' என்று எழுதி மாட்டிவிட்டார்.

அடுத்து மாமரம். ரோட்டை அகலப்படுத்தியபோது போன மரம் ஆகையால், அதன் புகை நேரே போய் நடு ரோட்டில் நின்றுகொண்டது. முதல் நாள் பஸ்காரர்கள் ஒதுங்கிப் போனார்கள், அடுத்த நாள் ஊடே போனார்கள், அதற்கடுத்த நாளில் இருந்து கண்டக்டர், "மாமரம் வருது, ஷட்டரைப் போடுங்க, மாமரம் இறங்குறவங்க முன்னால வாங்க" என்று கூவ, அதற்கொரு டிக்கெட்டும் வந்துவிட்டது. காக்கைகள் கிளையில் உட்காரப் பார்த்து ஊடாக விழுந்தன, பிறகு பழகிக்கொண்டன. நெத்திலி விற்கிற கருவாட்டுக்கார அக்கா கூடையை மாமரத்து அடியில் வைத்துவிட்டு டீ குடித்து வந்தாள், கருவாட்டுக்கு ஒரு தனி மணம் ஏறிவிட்டது. அது எப்படி நடக்கிறது என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை, யாருடைய மரம் எங்கே நிற்கப்போகிறது என்றுதான் கேட்டார்கள்.

எங்க வீட்டுக்காரருக்குக் கவலை வேறு. "புகை ஊரைச் சுத்தப் போயிட்டா கோழிக்கு என்ன மிஞ்சும் செம்பகம்?"

"மூடி போட்டிருக்கும்போது வேலையை முடிச்சிட்டுத்தானே போவுது," என்றேன். "நம்ம மாதிரியா, வேலை கிடக்கக் கிளம்புறதுக்கு?"

ஒரு தொடையைப் பிய்த்துத் தின்று பார்த்தவர், அடுத்த கோழியைத் தூக்கி வலையில் போட்டார்.

ஊர்க்காரர்கள் மரத்தைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். உலக்கை வந்தது, சன்னல் சட்டம் வந்தது, உடைந்த கிரிக்கெட் மட்டை வந்தது. அவர்கள் கொண்டுவந்ததை எல்லாம் நாக்கில் வைத்துப் பார்த்து, ஆகாததை வாய் திறக்காமல் திருப்பி நீட்டுவேன். டீக்கடைக்காரர் தன் பழைய பெஞ்சைக் கொண்டுவந்தார், கடை முன்னால் நிழல் வேண்டும் என்று. நல்ல ஆஞ்சிலிப் பலகை, நாக்கு நீண்டது, போட்டேன். அந்தப் புகை டீக்கடையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் செங்கோட்டை தாண்டி மலையேறி, தான் வளர்ந்த மலையாளத்துப் பக்கம் போய்விட்டது. "புனலூருல நம்ம சகலை இருக்கான், போன் போட்டுப் பாக்கணும்," என்று அவர் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருத்தர் நான் வாங்க மாட்டேன் என்ற பிளைவுட்டைத் தானே கொளுத்தினார். அந்தப் புகைக்கு எந்த ஊர் என்று தெரியவில்லை, முச்சந்தியில் நின்று தனக்குள்ளேயே சண்டை போட்டு, எட்டுத் திசைக்கும் பிரிந்துபோனது. எங்க வீட்டுக்காரர் ஆசைப்பட்டு ஹிக்கரி என்று ஒரு வெளிநாட்டுச் சில்லுப் பாக்கெட் வரவழைத்தார். மூடியைத் திறந்ததும் அது ஒருவரையும் சட்டைசெய்யாமல் எழும்பி, மேற்கே பார்த்து, கடல் இருக்கிற திசைக்குப் போய்விட்டது. என் மகள் முப்பிடாதி கையை ஆட்டி வழியனுப்பினாள்.

முப்பிடாதிக்கு அப்போது ஒன்றேகால் வயசு. ஓடுகிற வயசு, ஆனால் நடைவண்டியைப் பிடித்தால்தான் நடப்பாள். வண்டியை எடுத்துவிட்டால் நின்ற இடத்தில் பொத்தென்று உட்கார்ந்து, தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி அழுவாள். எங்கள் பக்கத்தில் நடைவண்டி தாய்மாமன் கொண்டுவர வேண்டும். எனக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை கிடையாது. "நான் இல்லையா தங்கச்சி?" என்று முன்னால் வந்தவர் ஆண்டபெருமாள் அண்ணாச்சி. அடுத்த தெருவில் பெரிய வீடு அவருடையது. ஊரில் எந்த விசேஷம் என்றாலும் மாமன் முறைக்கு ஆள் இல்லை என்றால் தானே போய் நின்று, மாலையை வாங்கிப் போட்டுக்கொண்டு, அடுத்த விசேஷம் வரை அதைச் சொல்லிக்கொண்டிருப்பார். மேளம் வைத்து, சிவப்பும் பச்சையும் பெயின்ட் அடித்த நடைவண்டியைத் தலையில் சுமந்து கொண்டுவந்தார்.

அண்ணாச்சியின் தம்பி பொண்டாட்டி, எனக்கு மதினி முறை, பூரணம் மயினி. தம்பி இறந்துபோனார். மயினி இட்லி மாவு ஆட்டித் தள்ளுவண்டியில் வைத்துத் தெருத்தெருவாக விற்கிறவள். அண்ணாச்சி வீட்டுக்கும் மயினி வீட்டுக்கும் நடுவில், வண்டி போகிற அளவுக்கு ஒரு பாதை. பாதைக்கு அடையாளமாக ஒரு பலா மரம். மரத்துக்கு இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் தம்பி என்று அவர்கள் அப்பா சொல்லிவிட்டுப் போயிருந்தார். தம்பி போன மறுவருஷம் அண்ணாச்சி மரத்தை வெட்டினார், வேரைத் தோண்டி எடுத்தார், பாதையையும் சேர்த்து வளைத்து வீட்டைப் பெரிதாகக் கட்டி, முப்பிடாதி பிறந்த பிறகு கோட்டைச் சுவரையும் வாய்க்கால் வரைக்கும் கொண்டுபோய் மிச்ச வழியையும் அடைத்தார். மயினி நியாயம் கேட்டுக் கோயில் முன்னால் ஊரைக் கூட்டினாள். பலா எங்கே நின்றது என்று கேட்டதற்கு, அதன் சுளையைத் தின்னாத ஆள் ஒருத்தர் இல்லை, ஆனால் ஒருத்தர் வடக்கே கையைக் காட்டினார், ஒருத்தர் தெற்கே காட்டினார், ஒருத்தர் வானத்தைக் காட்டினார். சுளை வாய்க்குள் இருக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறவர்களுக்கு மரம் நின்ற இடம் எப்படித் தெரியும்? நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தது மரம் போன பிறகு, எனக்கும் தெரியாது. அன்றைக்கிருந்து மயினியின் தள்ளுவண்டி வீட்டுக்குள்ளேயே கிடக்க, அவள் மாவுத் தூக்குகளைத் தலையிலும் இடுப்பிலும் சுமந்து வாய்க்கால் கரை வழியாக அடிமேல் அடி வைத்துப் போய்க்கொண்டிருந்தாள்.

மாமரத்துக்கு டிக்கெட் வந்ததில் இருந்து அண்ணாச்சிக்குத் தூக்கம் இல்லை. தினமும் சாயங்காலம் கடைக்கு வந்து, டிரம்முக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"தங்கச்சி, இன்னைக்கு என்ன மரம்?"

நான் கொய்யாச் சில்லைத் தூக்கிக் காட்டுவேன்.

"கொய்யா அமிர்தம். புளியும் நல்லதுதான். பலா மட்டும் கையால தொட்டுராத. பலாப் புகை பித்தம், கேட்டியா? தலை சுத்தும், பாத்துக்க."

"பலா புகை சாப்பிட்டிருக்கியளோ அண்ணாச்சி?" என்று கேட்பார் டீக்கடைக்காரர்.

"சொல்லக் கேட்டிருக்கேன்."

"பலாச்சுளை சாப்பிடலாமா?"

"நீரு டீயைப் போடும்வே."

அண்ணாச்சி வெட்டிய பலாவை அறுத்தது மீரான் பாய் மில்லில்தான், ஆனால் அங்கே போனால் பலாச் சில்லு ஒன்றுகூட இல்லை. "இல்ல தாயி," என்றார் மீரான் பாய். "அண்ணாச்சி வண்டி வச்சு அள்ளிட்டுப் போயிட்டாரு. கூட்டிக் குமிச்ச தூளைக்கூட விடல. வீட்டுல குளிக்கிற ரூமு நிறைய மூட்டையாம். இப்ப வாய்க்காலுக்குப் போயித்தான் குளிக்காராம்." ஊருக்கே காரணம் தெரியும். தெரிந்தும் வாயால் சொல்லாமல், அவர் ஈரத் துண்டோடு வாய்க்காலில் இருந்து திரும்பும்போது, "தண்ணி எப்படி அண்ணாச்சி, சில்லுன்னு இருக்கா?" என்று மட்டும் விசாரிப்பார்கள்.

எல்லாம் விளையாட்டாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மயினி வாய்க்காலில் விழுகிற வரைக்கும். கரை ஈரத்தில் கால் வழுக்கி, மாவுத் தூக்கோடு உள்ளே போய்விட்டாள். முழங்கால் பெயர்ந்து வீங்கியது. ஒருநாள் ஆட்டிய மாவு முழுவதும் தண்ணீரில் போய், வாய்க்கால் நுரைத்துப் பொங்கி, வெயில் ஏற ஏறப் புளித்து, தெரு முழுக்க இட்லி வாசம். அண்ணாச்சி மாடியில் நின்று பார்த்தார், பார்த்துவிட்டு, மழை வருமா என்பது போல மேலே பார்த்தார்.

மயினி முழங்காலுக்கு நான் எண்ணெய் தேய்த்துவிட்டேன். "இன்னொரு தடவ விழுந்தா பொறவு நான் எந்திரிக்க மாட்டேன் செம்பகம்," என்றாள் அவள். "மாவை விட்டுட்டு எங்க அக்கா வீட்டோட போயி ஒட்டிக்கிட வேண்டியதுதான்." எனக்குப் பேறுகாலம் வந்த அன்றைக்கு ஆட்டோ வராமல், இதே தள்ளுவண்டியில் என்னைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு ஓடியவள். அவள் இல்லாத தெருவை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

முப்பிடாதி அப்போது நடைவண்டியைக் கடகடவென்று உருட்டிக்கொண்டு எங்களைச் சுற்றிச் சுற்றி வந்தாள். வண்டியின் கைப்பிடியில், அவள் பல் முளைத்த நாளில் இருந்து கடித்துக் கடித்து, பெயின்ட் போன இடம் மஞ்சளாக இருந்தது. மஞ்சள் கிழங்கை ஒடித்த மாதிரி மஞ்சள். நான் குனிந்து அந்த இடத்தில் நாக்கை வைத்தேன்.

நாக்கு நீண்டது. அந்த மாதிரி எந்த மரத்துக்கும் நீண்டதில்லை.

"என்னட்டி, புள்ள வண்டிய நக்குத?" என்றாள் மயினி.

"மயினி, இது பலா."

மயினிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. மேளம் வைத்துச் சீர் கொண்டுவந்த பெருமையில், தான் வெட்டிய அந்தப் பலாவிலேயே வண்டியைச் செய்ததை மறந்துவிட்டார் அண்ணாச்சி. மயினி சிரிக்க ஆரம்பித்தாள், முழங்கால் வலிக்க வலிக்கச் சிரித்தாள், பிறகு சட்டென்று நிறுத்தினாள்.

"வேண்டாம் செம்பகம். மாமன் சீர், அதை எரிக்கக் கூடாது. புள்ள இதை விட்டா நடக்காது. நான் எப்படியும் போயிருவேன், சின்னஞ்சிறுசுக்குக் கால் வரட்டும்."

அன்றைக்கு முழுக்க நான் அந்த வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை நடக்காமலே உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து வண்டியை மூலையில் தள்ளி வைத்தேன். மயினி நொண்டிக்கொண்டு கரையில் போவதைப் பார்த்ததும் திரும்ப எடுத்தேன். மறுநாள் மத்தியானம் பிள்ளை தூங்கியதும், முப்பிடாதியம்மன் கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, சக்கரத்தைக் கழற்றினேன். அரிவாளால் பெயின்ட் முழுவதையும் சுரண்டினேன். என்ன காரியமானாலும் தின்கிறவர் வயிற்றில் பெயின்ட் போகக் கூடாது. கட்டைவிரல் அகலத்துக்குச் சில்லு சில்லாகச் செதுக்கி ஒரு பெட்டியில் அள்ளிக்கொண்டு கடைக்குப் போனேன். எங்க வீட்டுக்காரர் பெட்டியைப் பார்த்தார், ஒரு சில்லில் இருந்த பல் தடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கரியைக் கிளறிவிட்டார்.

சாயங்காலம் அண்ணாச்சி வந்து உட்கார்ந்தார். மூடியை லேசாக ஒதுக்கி இழுத்தெடுத்த முதல் கோழி அவருக்குத்தான் போனது. ஒரு வாய் வைத்தவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏயப்பா! கொம்பையா, இம்புட்டு நாளும் எங்கவே வச்சிருந்தீரு இந்த ருசிய? தங்கச்சி, என்ன மரம் இது?"

ஆள் முன்னால் பேச வராத எனக்கு அன்றைக்கு வந்தது. "நீங்க குடுத்த மரந்தான் அண்ணாச்சி."

அவர் கண்ணைத் திறக்கவும் எங்க வீட்டுக்காரர் மூடியை முழுக்கத் திறக்கவும் சரியாக இருந்தது. புகை இறங்கியது. மற்றப் புகை போல நிமிர்ந்து நடக்கவில்லை அது. மூன்று சக்கரத்தில், குட்டையாக, கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டு, இரண்டு எட்டு உருண்டு நின்று, திரும்பிப் பார்த்தது. மண்ணில் உட்கார்ந்து வண்டி எங்கே வண்டி எங்கே என்று அழுதுகொண்டிருந்த முப்பிடாதி அழுகையை நிறுத்தினாள், எழுந்தாள், புகையின் கைப்பிடியைப் பிடித்தாள். புகையை யாரால் பிடிக்க முடியும்? அது அவளுக்குத் தெரியாது. பிடித்துக்கொண்டு நடந்தாள். நான் பின்னாலேயே கையை நீட்டிக்கொண்டு போனேன், எனக்குப் பின்னால் வாயில் எலும்போடு அண்ணாச்சி போனார், அவருக்குப் பின்னால் டீக்கடைக்காரரும் மீரான் பாயும் கருவாட்டுக்கார அக்காவும், அன்றைக்கு மாமரத்தில் இறங்கியவர்களுமாக ஊரே போனது.

புகை அடுத்த தெருவில் திரும்பியது. கோட்டைச் சுவரில் நிற்கும் என்று பார்த்தோம், திறந்திருந்த கேட் வழியாக உள்ளே போனது. குளிக்கிற ரூமில் நிற்கும் என்று பார்த்தோம், மூட்டைகளைத் தாண்டிப் போனது. நேரே நடு ஹாலுக்குப் போய், டிவிக்கும் சோபாவுக்கும் மத்தியில் நின்று, கூரை முட்ட வளர்ந்து, அடிமரத்தில் இருந்து உச்சி வரை முள்ளு முள்ளாகப் பலாப்பழம் தொங்க நின்றது. எல்லையே அங்கேதான் என்றால், பாதை மட்டுமா, சோபாவும் மயினிக்குத்தான்.

எல்லோரும் அண்ணாச்சியைப் பார்த்தார்கள். அவர் தரையில் குத்தவைத்து உட்கார்ந்து இருமினார். அது புகை இருமலா, வேறு இருமலா என்று சொல்ல முடியாது. முப்பிடாதி பிடித்திருந்த புகை மரமாகிப் போனதால் அவள் கையில் ஒன்றும் இல்லை. உட்கார்ந்துவிடப் போகிறாள் என்று நான் தூக்கக் குனிந்தேன். அவள் அங்கும் இங்கும் பார்த்தாள், குத்தவைத்திருந்த மாமனைப் பார்த்தாள், ஒன்றையும் பிடிக்காமல், தள்ளாடித் தள்ளாடி, நேரே அவரிடம் நடந்துபோய் அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமன்ட்ட வந்துட்டா," என்றார் அண்ணாச்சி. "பாத்தியளா, மாமன்ட்டதான் வந்தா."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மயினி நொண்டி நொண்டி வந்தாள். மரத்தைச் சுற்றி வந்து, ஒரு பழத்தைத் தட்டிப் பார்ப்பது போலக் காற்றைத் தட்டினாள்.

"அத்தான், சோபா எனக்கு வேண்டாம். உக்காந்தா எந்திரிக்க முடியாது. மாவு வண்டி போற அளவுக்கு வழி போதும்."

மறுநாள் காலையில் சுவரை அண்ணாச்சியே கடப்பாரை எடுத்து இடித்தார். வேடிக்கை பார்த்தவர்களிடம், "வீட்டுக்குள்ள காத்து வரல, அதான்," என்றார். ஆமாம் ஆமாம் என்று அவர்களும் செங்கல் அள்ளிக் கொடுத்தார்கள்.

ஆனி பிறந்து சாரல் விழுந்ததும் மற்றப் புகைமரங்கள் எல்லாம் கரைந்துபோயின. குத்தாலத்துக்குச் சீசன் வந்தவர்கள் ஒரு மரத்தையும் பார்க்கவில்லை, ஆகையால் இன்றைக்கும் எங்கள் ஊரில் இறங்குவதில்லை. கூரைக்கு அடியில் நின்ற பலாவை மட்டும் சாரல் தொடவில்லை. கூரையை உடைத்துவிட்டால் மழையில் கரைந்துவிடும் என்று எல்லோரும் யோசனை சொன்னார்கள். "நிக்கட்டும், அது பாட்டுக்கு நிக்கி," என்று சொல்லிவிட்டு, அண்ணாச்சி டிவியைத் தள்ளி வைத்துக்கொண்டார். விடிந்ததும் மயினியின் மாவு வண்டி அந்த வழியாகக் கடகடவென்று போகும். முப்பிடாதி அதற்கு முன்னால் ஓடுவாள்.

குளிக்கிற ரூமில் இருந்த பலா மூட்டைகளை அண்ணாச்சி ஒவ்வொன்றாக எங்கள் கடைக்குக் கொண்டுவருகிறார். நான் உரித்து, நாக்கில் வைத்துப் பார்த்து, போடுகிறேன். மூடியைத் திறந்ததும் அந்தப் புகை ஒரு பக்கமும் பார்க்காமல் நேரே அவர் வீட்டைப் பார்த்துக் கிளம்பிவிடும். அவரும் பாதித் தின்ற தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு, வீடு தெரிந்த மாட்டுக்குப் பின்னால் போகிறவரைப் போல, அவசரம் இல்லாமல் அதற்குப் பின்னால் நடந்து போவார்.